சாதுல்லா சேகரிப்பில் கைகள் இல்லை

ஓவியர் சாதுல்லாவின் நாற்பது வருடத்துத் தாள்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று சொல்லி எடுத்துப்போக வந்தவர்கள், கோயம்பேட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு குட்டி யானை வண்டியில்தான் அவற்றை ஏற்றினார்கள். அகில உலகச் சிறார் ஓவிய ஆவண மையத்துக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் அந்த வண்டி நுழையவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றது. அத்தனை நேரமும் மையத்தின் இயக்குநர் டாக்டர் ஹேமநாதன் வாசலில் நின்றபடி, "பத்திரம், பத்திரம். ஒவ்வொன்றும் பொக்கிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொக்கிஷங்கள் பதினோரு அட்டைப்பெட்டிகளில் ஏறி, தக்காளிச் சாற்றின் மேல் உட்கார்ந்து, அயனம்பாக்கம் போய்ச் சேர்ந்தன.

அகில உலகம் என்பது அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. கீழே டைல்ஸ் கடை, முதல் மாடியில் யோகா வகுப்பு, அதற்கு மேலே உலகம். ஹேமநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். ஒரே ஒரு முயல் படம், அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு ஒரு காவலாளி. அந்தக் காவலாளியைப் பார்த்ததும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்ததாம். அன்றிலிருந்து தமிழ்நாட்டு முயல்களுக்காகப் பாடுபடுகிறார். டாக்டர் பட்டம் எதில் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்.

சாதுல்லா தாள்களைக் கொடுக்கச் சம்மதித்தது பொன்னாடைக்காகவோ கண்ணாடிப் பெட்டிக்காகவோ இல்லை என்று அவரே நம்பினார். பாதிக்கு மேல் அது உண்மைதான். அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அந்தக் காரியத்தின் பெயர் ரசூல் பீவி.

சாதுல்லாவுக்கு எல்லாம் வரும். யானை வரும், கரடி வரும், மழையில் நனைந்த காக்கா வரும். காக்காவுக்குக் கோபம் வந்தால் அதன் கழுத்து எப்படிப் போகும் என்பதுகூட வரும். மனிதனுக்கு இருக்கும் கை மட்டும் வராது. ராஜா கையில் வாளைக் கொடுத்தால் வாழைச்சீப்பு ஒன்று முருங்கைக்காயைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். விரல் ஆறாகிவிடும், எண்ணிக் குறைத்தால் நாலாகிவிடும். ஆரம்பத்தில் சமாளித்துப் பார்த்தார். அவர் படத்துக் குழந்தைகள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராணிகள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். அவரை வைத்துச் சிறுவர் கதைப் புத்தகம் போட்ட 'கிளிக்கூடு' பதிப்பகத்து முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார்: "ஏம்ப்பா, உன் ஆளுங்க எல்லாம் போலீஸ்ல மாட்டினவனுங்க மாதிரியே நிக்கறாங்களே, கதையில அப்பிடி ஒண்ணும் வரலியே?"

அவர் மனைவி ரசூல் பீவி அப்போது கல்யாண வீடுகளுக்கு மருதாணி வைக்கப் போய்க்கொண்டிருந்தார். கரையான்சாவடியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் எந்த வீட்டில் பெண்ணுக்கு நிக்காஹ் என்றாலும் அவர்தான். ஒரு பெண்ணின் கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இப்படி ஆயிரம் கை. எந்த விரல் எங்கே மடங்கும், பயத்தில் எது சுருங்கும், மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றால் கட்டைவிரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

எழுபத்தொன்பதில் ஒருநாள், மாம்பழம் வாங்குகிற ராணியின் கையோடு மல்லுக்கட்டி முடியாமல் சாதுல்லா டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தாளின் மேல் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் ஒரு கை. மாம்பழத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கை.

"ஒட்டிப் பாருங்க," என்றார் ரசூல் பீவி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

மைதாப் பசை தடவி ஒட்டினார். விளிம்பில் வெள்ளை பெயின்ட் பூசி மறைத்தார். அச்சில் ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வேலை பிரிந்துவிட்டது. "நீங்க ஆளைப் போடுங்க, நான் கையைப் போடறேன்." சோறு வடிகிற நேரத்தில் இரண்டு கை, பிள்ளை தூங்குகிற நேரத்தில் நாலு கை. ஒருவருக்கும் தெரியாது. பத்திரிகைகளில், 'சாதுல்லாவின் கைகள் பேசும்' என்று எழுதினார்கள். சாதுல்லா அதை வெட்டி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு புத்தகத்துக்குப் பரிசு வந்தது. அன்றைக்கு ரசூல் பீவி கேட்டார், கோபமில்லாமல், உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி: "என் பேரு எங்கயாச்சும் வருமா?"

"அடுத்த புக்ல பாக்கலாம்."

அடுத்த புத்தகங்கள் நாற்பத்திரண்டு வந்தன. அவர் அப்புறம் கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் சாதுல்லாவும் இரண்டு சத்தம் போட்டு மறந்திருப்பார். கேட்காமல் விட்டதுதான் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. அதுவும் நாலு வருடத்துக்கு முன்னால் ரசூல் பீவிக்குக் கைநடுக்கம் வந்து, டாக்டர் அதற்கு ஒரு பெயரும் காலைக்கு இரண்டு மாத்திரையும் கொடுத்து, டீ கிளாஸைப் பாதிக்கு மேல் ஊற்ற முடியாமல் போனதிலிருந்து, முள் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

ஆகவே தாள்களோடு ஒரு கடிதமும் கொடுத்தார். ஏழு தடவை எழுதிக் கிழித்து எட்டாவது தடவை எழுதியது. உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பத்திர ஆபீஸ் தமிழில் எழுதினார்: "மேற்படி படங்களில் தனித் தாளில் வரைந்து ஒட்டப்பட்டுள்ள கைகள் யாவும் என்னால் வரையப்பட்டவை அல்ல. அவை என் மனைவி ரசூல் பீவியால் வரையப்பட்டவை. இதை ஆவணத்தில் தவறாமல் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஹேமநாதன் அதை இரண்டு முறை படித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நேர்மை. அபாரமான நேர்மை. தாங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எவ்வளவு பெரிய பிழை நேர்ந்திருக்கும்."

சாதுல்லா வீட்டில் சொல்லவில்லை. திறப்பு விழா அன்றைக்குச் ரசூல் பீவி தன் பெயரைச் சுவரில் தானே பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார்.

*

நாலு மாதம் கழித்து, விழாவுக்கு முதல் நாள், மையத்தில் வேலை பார்க்கும் கவிப்பிரியா போன் செய்தாள். "ஐயா, லேபிள்ல தப்பு இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்." இருபத்து மூன்று வயது, ஆவணவியல் படித்த ஒரே ஆள் அங்கே அவள்தான், அதனால் டீ வாங்குவதும் அவள்தான். சாதுல்லா ஷேர் ஆட்டோவில் வேலப்பன்சாவடி வந்து, அங்கிருந்து இன்னொரு ஆட்டோ பிடித்து, யோகா வகுப்புக்காரர்கள் மூச்சை இழுத்து விடுகிற சத்தத்தைத் தாண்டி மாடி ஏறினார்.

முதல் படத்துக்கு முன்னால் நின்றார். மாம்பழ ராணி. மாம்பழம் காற்றில் நின்றது. அதற்கும் ராணிக்கும் நடுவில், கை இருந்த இடத்தில், பழுப்பாக ஒரு பசைக்கறை. அடுத்தது பட்டம் விடும் பையன். நூல் மணிக்கட்டு வரைக்கும் வந்து முடிந்துவிட்டது. அடுத்ததில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். தூக்க ஆளில்லாமல் குழந்தை தானாக மிதந்தது. சில படங்களில் ஒட்டுக்கு அடியில் அவரே முதலில் முயன்று பார்த்துக் கைவிட்ட வாழைச்சீப்புகள் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. நாற்பது வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த வாழைச்சீப்புகள். சுவர் முழுக்கக் கரடிகளும் காக்காக்களும் மட்டும் முழுசாக இருந்தன.

ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். அம்பத்தூரில் ஃபிரேம் கடை வைத்திருக்கும் பால்ராஜ்.

"நீதான் படம் போட்டவரா, பெரியவரே? இன்னா படம்பா. உன் படத்துக்கு ஆவி காட்டிக் காட்டி என் கை பாதி வெந்துபூட்ச்சு."

"எதுக்கு ஆவி?"

"ஒட்டு எடுக்கத்தான். கெட்டில் வெச்சு, ஆவி காட்டி, பிளேடால நெம்பி. முந்நூத்திப் பன்னெண்டு பீசு. ஒண்ணு கிழியல, பாத்துக்கோ." பால்ராஜ் ஏணியிலிருந்து இறங்கினார். அவர் முகத்தில் வேலை சுத்தமாகச் செய்த திருப்தி இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. "நான் கேட்டேன், சார், இன்னாத்துக்கு சார் கையை எடுக்கறது, நல்லாத்தான கீதுன்னு. சாரு சொன்னாரு, ஆளு ஒரிஜினலாம். கைதான் டூப்ளிகேட்டாம்."

சத்தம் கேட்டு ஹேமநாதன் உள்ளறையிலிருந்து வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பஜ்ஜி சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் போட்டிருப்பார் என்று கவிப்பிரியா பின்னால் சொன்னாள்.

"பார்த்தீர்களா? இப்போதுதான் இது நூறு சதவிகிதம் சாதுல்லா."

"கையை எல்லாம் எடுத்துட்டீங்களே, சார்."

"தங்கள் கடிதம்தான் கண்ணைத் திறந்தது. இது சாதுல்லா சேகரிப்பு. இதில் பிறர் வரைந்தது ஒரு நகக்கணு இருந்தாலும் நாளைக்கு ஒரு ஆய்வாளர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். உலக நெறிமுறையில் இதற்கு அன்னியப் பொருள் என்று பெயர்." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "தங்கள் கடிதத்தையே முகப்பில் வைத்திருக்கிறோம்."

உண்மைதான். கடிதம் கண்ணாடிக்குள் இருந்தது. "கைகள் யாவும் என்னால் வரையப்பட்டவை அல்ல" என்ற வரி வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்ததைக் கண்ணாடிக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற வெள்ளை அட்டை மூடியிருந்தது.

"அளவுக்கு வெட்டின அட்டை பெரியவரே, கீழ மூணு வரி உள்ள பூட்ச்சு," என்றார் பால்ராஜ். "சாருக்கு அதுவே போதும்னாரு."

சாதுல்லாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கப் பதிப்பாளர்களிடம் வேலை பார்த்தவர். கோபத்தை எங்கே வைத்தார் என்பதே மறந்துபோயிருந்தது. "திரும்ப ஒட்டிடலாமா?" என்றுதான் கேட்டார். பால்ராஜும், "ஒட்டிரலாம் சார், அரை நாள் வேலை," என்றார்.

ஹேமநாதன் வலிக்கிற மாதிரி சிரித்தார். "ஆவணவியலில் ஒட்டுவது என்ற வினைச்சொல்லே கிடையாது."

"எந்தக் கை எந்தப் படம்னு தெரியாதுங்க ஐயா," என்றாள் கவிப்பிரியா மெதுவாக. "பின்னாடி பென்சில்ல நம்பர் போடலாம்னேன். நம்பர் போட்டா அதுவும் ஆவணமாயிடும், அன்னியப் பொருளுக்கு நம்பர் கூடாதுன்னுட்டார்." ஒரு இனிப்புக் கடை டப்பாவை எடுத்துவந்து திறந்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கைகள். கேட்கிற கை, கொடுக்க மாட்டேன் என்கிற கை, காதைத் திருகுகிற கை, தூங்குகிறவன் நெஞ்சின் மேல் கிடக்கிற கை. சாதுல்லா விரலை விட்டுப் புரட்டினார். இவற்றை எல்லாம் ஒட்டியவர் அவர்தான். ஆனால் எது யாருடையது என்று ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஒட்டுகிறவன் விளிம்பைத்தான் பார்த்திருக்கிறான்.

"இதையாவது ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"படைப்பாளியிடம் மட்டுமே திருப்பித் தர இயலும்," என்றார் ஹேமநாதன். "தாங்கள் படைப்பாளி இல்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்."

"அப்ப என் வீட்டுக்காரிகிட்ட குடுங்க."

"அவர்தான் வரைந்தார் என்பதற்கு என்ன சான்று?"

"அந்த லெட்டர்லயே இருக்கே."

"அது கணவரின் கூற்று. உறவினர் கூற்றை ஏற்பதில்லை." சாதுல்லா விழிப்பதைப் பார்த்து அவருக்கே இரக்கமாக இருந்தது. "தங்களுடையவை அல்ல என்பதற்குத் தங்கள் கடிதம் செல்லும். அவருடையவை என்பதற்குச் செல்லாது. நெறிமுறை என் கையில் இல்லையே."

நெறிமுறை அவர் கையில்தான் இருந்தது. பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம். போன வருடம் அவரே எழுதி அச்சிட்டது.

"விழா முடிஞ்சப்புறம் டப்பாவை என்ன பண்ணுவீங்க?"

"முறைப்படி நீக்கம் செய்யப்படும்."

பழைய பேப்பர்காரர் செவ்வாய்க்கிழமை வருவார் என்று கவிப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

*

வீட்டுக்கு வந்ததும் ரசூல் பீவி கேட்டார். "எப்பிடி வெச்சுக்கீறாங்க?"

"எல்லாத்துக்கும் ஃபிரேம் போட்டிருக்காங்க."

"மாம்பழ ராணி இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கையில சின்னதா மருதாணி போட்டிருப்பேன். உள்ளங்கைல, அரிசி அளவு. பிரிண்ட்ல தெரியாது. ஒரிஜினல்ல கிட்டப் போய்ப் பாத்தா தெரியும்." பாதி நிரம்பிய டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்குக் காட்டறேன்."

சாதுல்லா டீயைக் குடித்தார். "நாளைக்கு நீ வரணுமா? ரோடு பூரா மெட்ரோ வேலை. ஒரே தூசு."

"நாப்பது வருசம் ஊட்டுக்குள்ள இருந்து போட்டேன். ஒரு நாள் தூசு தாங்க மாட்டேனா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்காக மூன்று தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை டீ குடித்தார், இரண்டாவது தடவை கொட்டாவி விட்டார், மூன்றாவது தடவை, "பச்சைப் புடவை கட்டிக்கோ, நல்லாருக்கும்," என்றார்.

*

விழாவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. படங்கள் இருந்த கூடம் ரிப்பன் கட்டி மூடியிருந்தது. பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் வெட்டுவார்களாம். மொட்டை மாடிப் பந்தலில் அறுபது நாற்காலி, நாற்பது பேர். அதில் பாதிப்பேர் யோகா வகுப்பு.

சிறப்பு விருந்தினராக ஒரு அடுக்குமாடிக் கட்டடக்காரர் வந்திருந்தார். குழந்தைகளின் கற்பனைக்கும் காற்றோட்டமான மூன்று படுக்கையறை வீட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அடுத்தது ஒரு பேராசிரியர். அவருக்கு மட்டும் படங்களை முன்கூட்டியே காட்டியிருந்தார்கள். "சாதுல்லாவின் மனிதர்களுக்குக் கைகள் இல்லை. ஏன் இல்லை?" என்று கேட்டுவிட்டு, கூட்டம் யோசிக்கட்டும் என்று தண்ணீர் குடித்தார். "உழைப்பவனிடமிருந்து அவன் கைகளைப் பறித்துக்கொண்ட ஒரு காலத்தின் மீது இந்தக் கலைஞன் வைத்த மௌனமான குற்றச்சாட்டு அது."

முன்வரிசையில் ரசூல் பீவி பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "இவரு யாரைச் சொல்றாரு?" என்று கேட்டது மேடைக்குக் கேட்டது.

சாதுல்லாவின் முறை வந்தது. மைக் அவர் உயரத்துக்கு வரவில்லை; குனிந்து பேசினார். வளைத்துப் பேச அவருக்குத் தெரியாது, அன்றைக்கு நேரமும் இல்லை.

"கை இல்லாதது நான் பண்ணினதில்லீங்க. கை இருந்துச்சு. எனக்குக் கை வரைய வராது. எல்லாக் கையும் என் மனைவி ரசூல் பீவி வரைஞ்சது. அதோ பச்சைப் புடவை. நாற்பது வருஷம் நான் வெளியில சொல்லல, அது என் தப்பு. இப்ப சொன்னேன். சொன்னதும் இவங்க எல்லாத்தையும் ஆவி காட்டிப் பிச்சு ஒரு டப்பாவுல போட்டுட்டாங்க. செவ்வாய்க்கிழமை பழைய பேப்பருக்குப் போடப் போறாங்க. நீங்க யாராவது கேட்டுச் சொல்லணும்."

பிறகு கைதட்டல். அந்தப் பந்தலில் அன்று கேட்ட கைதட்டலிலேயே பெரியது அதுதான். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹேமநாதன் மைக்கை வாங்கினார். "தன் வாழ்நாள் சாதனை முழுவதையும் துணைவியாருக்கே விட்டுக்கொடுக்கும் இந்தப் பணிவை எங்கே காண முடியும்? அம்மையாருக்கு ஒரு பொன்னாடை." யாருக்கோ வாங்கி மிச்சம் இருந்த பொன்னாடை ஒன்று வந்தது.

"பணிவு இல்லீங்க, நெசம்," என்று சாதுல்லா சொன்னபோது மைக் அவரிடம் இல்லை.

பொன்னாடைக்குள்ளிருந்து ரசூல் பீவி அவரைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டவனைக் கணக்கு வாத்தியார் பார்ப்பாரே, எந்த வரியில் தப்பினான் என்று தேடிக்கொண்டு, அப்படிப் பார்த்தார்.

ரிப்பன் வெட்டினார்கள். ரசூல் பீவி படம் படமாக நின்று பார்த்துக்கொண்டே போனார். சாதுல்லா இரண்டடி பின்னால் நடந்தார். ராணியிடம் வந்ததும் ரசூல் பீவி கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"மாம்பழம் கீழ உழுந்துரும் போல கீது," என்றார். அப்புறம், "டப்பா எங்க?"

*

அலுவலக அறையில் கவிப்பிரியா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். சாதுல்லாவும் ஹேமநாதனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரசூல் பீவி உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து, நடுங்குகிற விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"இது பால்காரன். இது கிணத்துல எட்டிப் பாக்கற பொண்ணு, பயந்துகினு செவுத்தைப் பிடிச்சிருப்பா. இது ராஜா, பொய் சொல்றான். இது ராணிது." வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மருதாணி அப்பிடியே கீது பாரு."

கவிப்பிரியா அவசரமாகப் பென்சில் எடுத்தாள். "ஒண்ணொண்ணா சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன். சார், எல்லாம் தெரியுது சார் இவங்களுக்கு. இதைவிட என்ன சான்று வேணும்?"

சாதுல்லாவுக்கு நெஞ்சு லேசாகத் திறந்த மாதிரி இருந்தது. ஹேமநாதனும் அசைந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு யோசித்தார். பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நினைவைச் சான்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் ஒரு விதி இருக்கிறது. ஆசிரியர் அறியப்படாத படைப்புக்கு உரிமை கோருபவர், இயக்குநர் முன்னிலையில் ஒன்று வரைந்து காட்டலாம். கோடு பொருந்தினால் துணைப் படைப்பாளர் என்று பெயரைச் சேர்த்துவிடலாம். கைகளையும் அந்தந்தப் படத்தின் பக்கத்தில் வைக்கலாம். அம்மா ஒரே ஒரு கை வரைந்தால் போதும்."

"சார், அவளுக்குக் கைநடுக்கம்," என்றார் சாதுல்லா.

"அழகாக வேண்டாம். கோடுதான் முக்கியம்."

ரசூல் பீவி தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். "கை இல்லாம எப்பிடிப் போடறது? வாம்மா." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கவிப்பிரியாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து தொடங்கினார்.

கோடு கிளம்பும்போதே நடுங்கியது. அதிக நடுக்கம் வந்த இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். நின்ற இடத்தில் மை ஊறியது. கட்டைவிரல் சரியான இடத்தில்தான் இருந்தது, வெட்கப்பட்டு உள்பக்கம் சாய்ந்த கட்டைவிரல். ஆனால் அதன் ஓரம் ரம்பப் பல்லாக இருந்தது. நடுவிரலில் பேனா வழுக்கி, மேஜை வரைக்கும் போய்விட்டது. சாதுல்லா தன் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் இறுக்கிக்கொண்டார். உதவிக்கு நீட்டியிருக்கலாம், நீட்டினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஹேமநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். ராணியின் கையை ஒரு பக்கம், புதுக் கையை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார். நிஜமாகவே பொருந்த வேண்டும் என்று விரும்பி, மறுபடியும் பார்த்தார்.

"கோடு வேறாக இருக்கிறதே, அம்மா."

"வேறயாத்தான் கீது," என்று ஒத்துக்கொண்டார் ரசூல் பீவி.

"சார், அவங்களுக்கு உடம்பு..." என்று கவிப்பிரியா ஆரம்பித்தாள்.

"உடம்புக்கு விதி இல்லை, கவிப்பிரியா." தாளைச் சாதுல்லாவின் பக்கம் நகர்த்தினார். "முயற்சி நடந்ததற்குச் சாட்சியாகத் தாங்கள் ஒரு கையொப்பம் மட்டும்."

சாதுல்லாவுக்கு இருந்தது ஒரே கையொப்பம். ரேஷன் கடையிலும் பேங்கிலும் போட்டதுகூட, படத்துக்கு அடியில் போடுகிற அதே வளைவு எழுத்துதான். பேனாவை வாங்கினார். மனம் வேறெங்கோ இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதில் இருந்தது. கை தன்பாட்டுக்குத் தாளின் வலது கீழ் மூலைக்குப் போய், படத்தை ஒட்டினாற்போல், அழகாக எழுதிவிட்டு நின்றது. எழுதின பிறகுதான் அவர் பார்த்தார். பார்த்ததும் பெயரைக் கோடு போட்டு அடிக்கப் போனார். ஹேமநாதன் அதற்குள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டார்.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "இறுதிக் காலத்துக் கோடு. அதுவும் கை. கை வரையாத கலைஞர் வரைந்த ஒரே கை. பேராசிரியர் போய்விட்டாரா, பாருங்கள்."

"அது அவ வரைஞ்சது, சார்," என்றார் சாதுல்லா. "உங்க கண்ணு முன்னாடிதான வரைஞ்சா."

"அம்மாவுடைய கோடு பொருந்தவில்லை என்று இப்போதுதானே முடிவு செய்தோம்." ஹேமநாதன் பொறுமையாக விளக்கினார். "கையொப்பம் யாருடையது?"

சாதுல்லா தன் பெயரைப் பார்த்தார். அவருடையதுதான்.

"பதிவேட்டை எடும்மா. எண் ஆயிரத்து நாற்பத்தொன்று. சாதுல்லா. தலைப்பு, கை. தாளில் பேனா."

கவிப்பிரியா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் இடது கை இன்னும் ரசூல் பீவியின் மடியில்தான் இருந்தது. பதிவேட்டை வலது கையால் இழுத்துப் பிரித்து, அப்படியே எழுதினாள்.

"இன்னாம்மா விரலெல்லாம் இப்பிடி சில்லுனு கீது," என்றார் ரசூல் பீவி, அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தபடி. "காலைலேர்ந்து சாப்பிடலியா நீ?"